நீர் என்னும் அமானிதம்

 

ஆண்டுதோறும் கோடை நெருங்கும் வேளையில் நம் பள்ளிவாசல்களில் தண்ணீரைப் பற்றிய பயான்கள் ஒலிக்கின்றன. விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை என்னும் திருமறைக் கருத்தை ஆலிம்கள் உருக்கமாக எடுத்துரைக்கின்றனர். கேட்போரும் ஆமோதித்துத் தலையசைக்கின்றனர். ஆனால் அடுத்த வேளைத் தொழுகைக்கு உளூச் செய்ய அமரும்போது, குழாய் முன்போலவே முழுமையாகத் திறக்கப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டில் மழை வேண்டித் திடலில் கூடிக் கையேந்துகிறோம். மழை பொழிந்த ஆண்டிலோ, அந்த அருட்கொடை கூரையிலிருந்து வழிந்து சாக்கடையில் கலப்பதைத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உபதேசத்திற்கு நம்மிடம் பஞ்சமில்லை. அவ்வாறிருந்தும் நீர் ஏன் நிற்கவில்லை? இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட வினா இதுவே. நம் முன்னோர் வாழ்ந்த நிலம் ஆறுகள் அற்றது; மழை அரிதானது. அந்நிலத்தில் அவர்கள் நூற்றாண்டுகள் பல வாழ்ந்து, தமக்குப் பின் வந்தோர்க்கும் நீரை விட்டுச் சென்றனர். வரலாற்றைப் புரட்டினால் அதன் காரணம் புலப்படும். சிக்கனத்தை அவர்கள் மனிதனின் நல்ல மனத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. நீருக்கு ஓர் அளவு வைத்தார்கள்; ஊற்றுக்கு ஓர் எல்லை வகுத்தார்கள்; பயன்படுத்துவோருக்குப் பங்கு பிரித்தார்கள்; பழுது பார்க்கப் பொருள் ஒதுக்கினார்கள். இந்நான்கையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

அளவு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்’ வரையிலான நீரில் குளிப்பார்கள் என்றும் ஸஹீஹான அறிவிப்புகள் கூறுகின்றன. ‘முத்’ என்பது நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் அது முக்கால் லிட்டருக்கு மிகாது. ஹனஃபீ மத்ஹபின் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். அகிலத்தார்க்கு அருட்கொடையாய் வந்த பெருமானார், முகமும் கைகளும் கால்களும் கழுவ எடுத்துக்கொண்ட நீர் அவ்வளவே.

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்ற கருத்தில் ஸஅத் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் அறிவுறுத்திய செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுவர். எனினும் அதன் பொருளை ‘முத்’ பற்றிய வலுவான அறிவிப்பு உறுதிப்படுத்துகிறது. ஓர் உறுப்பை மும்முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்பதும் நாம் கற்பிக்கும் பாடமே.

இந்தப் பாடத்தை மதரஸாவில் நடத்துகையில் மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத்! ‘முத்’ என்று கிதாபில் படிக்கிறோம். குழாயில் அதை எப்படி அளப்பது?” என்று கேட்டார். சிறுவரின் வினா எனினும் அது பெரியோர்க்குரிய வினா. கெண்டியில் நீர் மொண்டு உளூச் செய்த காலத்தில் அளவு கண்முன் இருந்தது. கெண்டி காலியானால் கை தானே நின்றது. குழாய்க்கு அடிப்பாகம் இல்லை. எவ்வளவு போயிற்று என்று அது சொல்வதில்லை. எனவே அன்றைய பாடத்தைக் கிதாபோடு நிறுத்தாமல், ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்து உளூச் செய்யச் சொன்னேன். பெரிய மாணவர்கள் நிறைவாகச் செய்து முடித்தனர். சிறியவர்கள் முதல் நாள் சிந்தினர். சில நாட்களில் அவர்களுக்கும் கை பழகியது.

குழாயின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு 6 லிட்டர் பாயும் குழாயை 2 நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர். 100 பேர் ஐவேளையும் தொழும் பள்ளிவாசலில் அது நாளொன்றுக்கு 6,000 லிட்டர் ஆகிறது. அதே 100 பேர் ஆளுக்கு ஒரு லிட்டரில் உளூச் செய்தால் 500 லிட்டர் போதும். இரண்டிற்கும் இடைப்பட்ட 5,500 லிட்டர் எந்த உறுப்பையும் கழுவவில்லை; எந்த நன்மையையும் ஈட்டவில்லை. வெறுமனே வடிந்து போயிற்று.

எல்லை

ஒருவர் கிணறு தோண்டினால் அதைச் சுற்றி 40 முழம் அக்கிணற்றுக்குரிய காப்பு நிலமாகும் என்று நபிமொழி வழியே ஃபிக்ஹு நூல்கள் வகுத்தன. இதற்கு ‘ஹரீம்’ என்று பெயர். நீர் அருந்த வரும் கால்நடைகள் தங்க இடம் வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் தோண்டி முதற்கிணற்றின் நீரை இழுத்துவிடலாகாது. இவ்விரு நோக்கமும் அதில் அடங்கியுள்ளன. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு கிணற்றுக்கு ஒவ்வொரு பக்கமும் 40 முழம் என்றும், ஊற்றுக்கு 500 முழம் என்றும் இவ்வெல்லையை எழுதி வைத்தது.

நிலத்திற்கும் இவ்வாறே ‘ஹிமா’ என்னும் காப்பகம் இருந்தது. அறியாமைக் காலத்தில் வலிமை மிக்க தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென அடைத்துக்கொள்வதே ஹிமா எனப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்துப் பொதுநலனுக்கு மட்டுமே ஹிமா என்று மாற்றினார்கள். மதீனாவைச் சுற்றிய நிலத்தில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். சுற்றுச்சூழல் என்னும் சொல்லே பிறவாத காலத்தில் நடந்தது இது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஹிமா ஒன்றின் காவலுக்கு ஹுனை என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதன் சாரம் இது: சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடுங்கள். செல்வர்களான இப்னு அவ்ஃபு, இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாயிருங்கள். அவர்களது கால்நடைகள் மடிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தாலோ அவன் மக்களோடு நம் வாசலில் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது நமக்கு எளிது.

இவ்வறிவுரையில் பெயர் சொல்லப்பட்ட இருவரும் யாவர்? சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மரில் இருவர்! அவர்களது தக்வாவில் உமர் (ரலி) அவர்களுக்கு ஐயம் இருந்திருக்குமா? இல்லை. ஆயினும் காப்பகத்தின் விதியை அவர் மனிதரின் சிறப்பைப் பார்த்துத் தளர்த்தவில்லை. இயற்கைச் செல்வம் குறையும்போது முதலில் வாடுபவன் ஏழை என்பதை அறிந்த ஆட்சியாளரின் பார்வை அது.

பங்கு

ஓமன் நாட்டில் ‘ஃபலஜ்’ என்னும் நீர்க்கால்கள் உண்டு. ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்தை, 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி நிலத்தடி நீரைத் தொட்டு, அங்கிருந்து மெல்லச் சரியும் சுரங்க வாய்க்கால் வழியே பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு நீரைக் கொண்டுவரும் அமைப்பு இது. இதில் எந்த இயந்திரமும் இல்லை. நீர் தன் பாரத்தாலேயே இறங்கி வருகிறது. இவற்றில் ஒரு வகைக்கு ‘தாவூதி’ என்று பெயர். நபி தாவூத் (அலை) அவர்களின் மைந்தர் சுலைமான் (அலை) அவர்களோடு இவற்றைத் தொடர்புபடுத்தும் வாய்மொழிக் கதையும் அங்கு வழங்குகிறது.

ஃபலஜ் என்னும் அரபுச் சொல்லுக்குப் பங்கிடுதல் என்பதே பொருள். ஊருக்குள் நுழையும் நீர் முதலில் குடிநீருக்கு. பின்னர் பள்ளிவாசலுக்கும் குளிக்கும் துறைகளுக்கும். அதன்பின் பேரீச்சைக்கும் பிற பயிர்களுக்கும். வயலுக்குரிய பங்கு நேரத்தால் அளக்கப்பட்டது. பகலில் கோலின் நிழலையும் இரவில் விண்மீன்களின் எழுச்சியையும் பார்த்து முறை மாற்றினர். ‘அஸர்’ எனப்படும் ஒரு பங்கு ஏறக்குறைய அரை மணி நேரம். ஃபலஜுக்கென ஒரு ‘வகீல்’ இருப்பார். நீரின் ஒரு பங்கு ஃபலஜுக்கே சொந்தமாக விடப்பட்டு, அப்பங்கை ஏலத்தில் விட்டு வரும் பணம் வாய்க்கால் தூர்வாரவும் பழுது பார்க்கவும் செலவாகும். பள்ளிவாசலுக்கு வக்ஃபாக விடப்பட்ட பங்குகளும் உண்டு.

இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு ஒன்றைக் கவனியுங்கள். ஃபலஜில் நிலம் தருவது மட்டுமே வரும். மழை குறைந்தால் வாய்க்காலில் நீர் மெலியும். ஊரார் அனைவரும் அதைக் கண்ணால் காண்பர். உடனே சாகுபடியைச் சுருக்கிக்கொள்வர். பேராசை கொண்டவன் விரும்பினாலும் கூடுதலாக இழுக்க வழியில்லை. அந்த அமைப்பிலேயே வரம்பு இருந்தது.

பராமரிப்பு

மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அதனை வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள் என்பது யாவரும் அறிந்த வரலாறு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார், மக்காவில் ஹாஜிகள் நீரின்றித் தவித்ததை அறிந்து மலைகளினூடே நீர்க்கால் அமைத்தார். ‘ஐன் ஸுபைதா’ எனப் பெயர்பெற்ற அது 20ஆம் நூற்றாண்டு வரையில் மக்காவுக்கு நீர் தந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு நீர்க்கால் உழைத்ததென்றால், கட்டியவரின் கொடை மட்டும் அதற்குக் காரணமன்று. இடையிடையே அது தூர்ந்தது, உடைந்தது. அப்போதெல்லாம் யாரேனும் முன்வந்து செப்பனிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமானின் மகளார் மிஹ்ரிமா, தம் சொந்தப் பொருளைத் தந்து அப்பணியைச் செய்வித்தார். புதிதாக ஒன்றைக் கட்டித் தம் பெயரைப் பொறித்துக்கொள்ள அரசகுமாரிக்கு இயலாதா என்ன? எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வேறொரு பெண்மணி கட்டியதைப் பழுது பார்ப்பதில் அவர் நன்மையைக் கண்டார். கல்வெட்டு வைக்கும் ஆசை பெருகிவிட்ட நம் காலத்தில், சகோதரர்களும் சகோதரிகளும் நின்று நினைக்க வேண்டிய செய்தி இது.

இயந்திரம் வந்தபின்

ஆயிரமாண்டு நின்ற ஏற்பாடுகளைச் சில பத்தாண்டுகளில் தளரச் செய்தது ஆழ்துளைக் கிணறும் அதில் இறங்கிய பம்பும். இயந்திரம் தீயதென்று கூற வரவில்லை. பெண்களின் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தது அதுவே. ஆனால் ஃபலஜ் தந்ததை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த மனிதன், பம்பு வந்ததும் வேண்டியதையெல்லாம் எடுக்கத் தொடங்கினான். நீர் குறைந்தால் வாய்க்கால் மெலிந்து எச்சரிக்கும், பம்பு எச்சரிப்பதில்லை. குழாயை இன்னும் நூறடி இறக்கினால் போதும் என்று அது ஆசை காட்டுகிறது.

சவூதி அரேபியாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. பாலையின் அடியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை தேங்கிக் கிடந்தது. இன்றைய மழையால் அது நிரம்புவதில்லை. உணவில் தன்னிறைவு காணும் நல்ல நோக்கத்தோடு அந்நீரை இறைத்துக் கோதுமை பயிரிட்டனர். 1980களின் நடுவில் நாடு தன்னிறைவு அடைந்தது. 1992ஆம் ஆண்டளவில் விளைச்சல் ஏறத்தாழ 40 லட்சம் டன்னைத் தொட்டது. கோதுமை ஏற்றுமதியும் நடந்தது. பாலையில் பசுமை என்று உலகமே வியந்தது. ஆனால் ஏற்றுமதியானது கோதுமை மட்டுமா? அதை விளைவித்த, மீண்டும் வாராத நீரும் அன்றோ உடன் சென்றது! நிலத்தடி நீர் சரிந்துகொண்டே போனதை உணர்ந்த அரசு, 2008ஆம் ஆண்டில் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்து 2016ஆம் ஆண்டில் நிறுத்தியது. பின்னர் வரம்புக்குட்பட்ட அளவிலேயே மீண்டும் இடமளித்தது. பேரீச்சைக்குப் புகழ்பெற்ற அல்அஹ்ஸா பாலைச்சோலையில் ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுகளின் நீர், இன்று இயந்திரத்தால் இறைத்தே பெறப்படுகிறது.

ஓமனிலும் பம்புகள் பெருகியபோது ஃபலஜ்கள் வாடத் தொடங்கின. அந்நாட்டு அரசு 1988ஆம் ஆண்டில் நீரை நாட்டின் பொதுச் செல்வமாக அறிவித்து, கிணறு தோண்ட அனுமதி வேண்டும் என்றும், தாய்க்கிணறுகளின் அருகே தோண்டலாகாது என்றும் கட்டுப்பாடுகள் கொணர்ந்தது. நாம் மேலே கண்ட ஹரீம் என்னும் பழைய எல்லையே புதிய சட்டமாக மறுபிறவி எடுத்தது எனலாம்.

நம் மஹல்லாவில்

அரபு நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்காண்டுகளும் நிறைவுறாத நிலையில், 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றாக வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் ஏற்றி வந்த தண்ணீரைச் சென்னை குடித்தது. அளவின்றி வந்ததைத் தேக்கி வைக்காத ஊர், அளவோடு வந்த ஆண்டில் தவித்தது.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தம் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுக்கும் உரிமையை நிலத்தின் உடைமையாளருக்கு அளிக்கிறது. எனவே “என் நிலம், என் போர், என் மின்சாரம், நான் எவ்வளவு இறைத்தால் உனக்கென்ன?” என்று கேட்பவரைச் சட்டம் எளிதில் தடுக்காது. ஆனால் மார்க்கம் தடுக்கிறது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. நம் பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணறு 500 அடியில் இழுக்கும்போது, பக்கத்துச் சந்தில் 50 அடிக் கிணற்றை நம்பி வாழும் கைம்பெண்ணின் உறைக்கிணறு வறளுமாயின், அந்த நீரில் செய்த உளூவைப் பற்றி நாம் சற்று அஞ்ச வேண்டாமா? அவர் முஸ்லிமாயினும் மாற்றுச் சமயத்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை ஒன்றே.

நம் பழைய பள்ளிவாசல்களின் ஹவ்ளுகளையும் எண்ணிப் பாருங்கள். இரு குல்லத்துக்குக் குறையாத நீர் என்று ஷாஃபிஈ மத்ஹபும், பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று ஹனஃபீ மத்ஹபும் வகுத்த விதிகளுக்கேற்ப அவை அகலமாகக் கட்டப்பட்டன. அவ்வளவு நீர் பலர் கை வைப்பதால் தூய்மை இழப்பதில்லை என்பது சட்டம். நூறு பேர் அமர்ந்து உளூச் செய்தாலும் கையில் அள்ளியது மட்டுமே குறையும். இன்று பல ஊர்களில் ஹவ்ளு மூடப்பட்டு அவ்விடத்தில் பளிங்குத் திண்ணையும் வரிசைக் குழாய்களும் வந்துவிட்டன. நோய்த் தொற்றைக் கருதிக் குழாயை விரும்புவோரின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே ஹவ்ளுக்கே திரும்புங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. ஹவ்ளு போனபோது அதனுடன் போன அளவைக் குழாயிலும் ஏற்படுத்துங்கள் என்பதே வேண்டுகோள்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு தம் பள்ளியின் குழாய்களை அளந்து பார்க்கட்டும். நீர் மெல்லிய இழையாக விழும் அளவுக்கு வால்வைக் குறைத்து வைப்பதற்குச் செலவேதும் இல்லை. அழுத்தினால் சிறிது நேரம் ஓடித் தானே நிற்கும் குழாய்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பெரும் பள்ளிவாசலில், மெதுவாக நீர் விழும் குழாய்களும் நீரை மறுபடி பயன்படுத்தும் அமைப்பும் சூரிய மின்தகடுகளும் பொருத்தப்பட்டுள்ளன. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

இரண்டாவதாக, உளூச் செய்து வடியும் நீர். அந்நீரால் மறுபடி உளூச் செய்ய இயலாதே தவிர, அது தூய்மையான நீரே என்பது நம் மத்ஹபுகளின் தீர்ப்பு. அதனைச் சாக்கடையில் விடாமல் தென்னைக்கும் வாழைக்கும் கபரஸ்தானின் மரங்களுக்கும் திருப்பலாம். மணலும் கல்லும் நிரப்பிய உறிஞ்சுகுழியில் இறக்கலாம். சவூதியின் மூத்த ஆலிம்கள் சபை 1978ஆம் ஆண்டிலேயே, கழிவுநீர் முறைப்படி சுத்திகரிக்கப்பட்டு அதன் நிறம், சுவை, மணம் ஆகியவற்றில் அசுத்தத்தின் அடையாளம் நீங்கிவிட்டால் அது தூய நீரே என்று தீர்ப்பளித்தது. உளூ நீரோ கழிவுநீர்கூட அன்று.

மூன்றாவதாக, மழை. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று பதித்த குழாய்கள் எத்தனை பள்ளிகளில் இன்றும் அடைபடாமல் உள்ளன? 300 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,70,000 லிட்டர் இறங்குகிறது. மேலே சொன்னபடி நாளுக்கு 6,000 லிட்டர் செலவிடும் பள்ளிக்கு அது 45 நாட்களுக்குத்தான் வரும். நாளுக்கு 500 லிட்டர் செலவிடும் பள்ளிக்கோ 540 நாட்களுக்கு வரும். கசிந்தும் ஆவியாகியும் பாதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 270 நாட்களுக்குக் குறையாது. இவ்வளவையும் தொட்டியில் தேக்க வேண்டியதில்லை. வடிகட்டிக் கிணற்றில் இறக்கினால் நிலமே தொட்டியாகும். அண்டை வீட்டாரின் கிணறும் ஊறும்.

நான்காவதாக, பராமரிப்புக்கென ஒரு வக்ஃபு. மினாராவுக்கும் குளிர்சாதனத்துக்கும் கொடுப்போரில் சிலரேனும், ஆண்டுதோறும் புரட்டாசியில் கூரையைக் கழுவவும் குழாயடைப்பை நீக்கவும் உறிஞ்சுகுழியைத் தூர்வாரவும் கொடுக்கட்டும். கல்வெட்டில் பெயர் வராத கொடைதான். மிஹ்ரிமா அம்மையாரின் கொடையும் அவ்வகையே.

இல்லத்து அரசிகளான சகோதரிகளுக்கும் ஒரு சொல். வீட்டில் நீரின் வகீல் நீங்களே. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் நீரைத் தரை துடைக்கவும், அரிசி களைந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஏழு வயதில் தொழுகையைக் கற்பிக்கும்போதே ஒரு பாத்திரத்து நீரில் உளூச் செய்யவும் கற்பியுங்கள். அப்பழக்கம் ஆயிரம் பயான்களை மிஞ்சும்.

சிக்கனம் கருமித்தனமாக மாறிவிடலாகாது. தாகித்து வருபவருக்கும், வாயில்லா உயிருக்கும் நீர் மறுப்பது பெரும் பாவம். தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டிய ஒருவரின் பாவங்களை இறைவன் மன்னித்தான் என்பது நாம் அறிந்த நபிமொழிச் செய்தி. விரயத்தில் போகும் நீரைத் தடுப்பதே தாகித்தோர்க்குக் கொடுப்பதற்காகத்தான். வாசலில் ஒரு குடமும், மதிலின்மேல் பறவைகளுக்கு ஒரு மண்சட்டியும் வைக்காத வீட்டில் சேமித்த நீருக்கு என்ன பொருள்?

“மழையைத் தருபவன் அல்லாஹ்; அவன் தருவான், நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று சிலர் தவக்குலின் பெயரால் கேட்பதுண்டு. தருபவன் அவனே, ஐயமில்லை. வானிலிருந்து நீரை ஓர் அளவோடு இறக்கி அதைப் பூமியில் தங்க வைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தன்னால் இயலும் என்பதாகவும் அவன் தன் மறையில் உணர்த்துகிறான். அளவோடு தரப்பட்டதை அளவின்றிச் செலவிட்டுவிட்டு, தந்தவன்மீது பொறுப்பைச் சுமத்துவது தவக்குல் ஆகாது. அமானிதத்தை ஒப்படைத்தவன் கணக்குக் கேட்பான்.

மறுமையில் அடியானிடம் முதலில் வினவப்படும் அருட்கொடைகளுள் உடல் நலமும் குளிர்ந்த நீரும் அடங்கும் என்று ஹதீஸ் நூல் உரைக்கிறது. மலையளவு செல்வம் பெற்றவனுக்கும் குடிசையில் வாழ்ந்தவனுக்கும் பொதுவான கேள்வி அது. ஏனெனில் இருவருமே அதைக் குடித்திருக்கிறார்கள். அன்று நம் பதில் என்னவாயிருக்கும் என்பது, இன்று மாலை மஃக்ரிபுக்கு உளூச் செய்ய அமரும்போது குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நீரை அமானிதமாகக் கொண்டு, நமக்குப் பின் வரும் மக்களுக்கு அதனைக் குறைவின்றி ஒப்படைத்துச் செல்லும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.